சங்கில் ஊற்றிய பால்

“சத்தம் போடாதீங்க மதினி. இப்பத்தான் கண்ணசந்திருக்கு.”

திருப்பூர் லைன் வீட்டு வாசலில் முத்துப்பேச்சிக்குக் கிடைத்த முதல் வார்த்தை இதுதான். வாங்க என்று சொல்லவில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்கவில்லை. கழற்றியது போக ஒரு காலில் செருப்பும், இடுப்பில் தூங்கி வழியும் பிள்ளையும், தோளில் துணிப்பையுமாக அவள் அப்படியே நின்றாள்.

“யாரு பிள்ளை தூங்குது?”

“பிள்ளை இல்ல மதினி, அணிப்பிள்ளை.” தம்பி பெண்டாட்டி சித்ராதேவி சிரித்தபடி வெளியே வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. வந்தவள் இரண்டு கையையும் நீட்டினாள். “வா தங்கம். அம்மாகிட்ட வா.”

அனுசுயா முத்துப்பேச்சியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “பேச்சிம்மா, யாரு?”

“அம்மாதான்டி. திருப்பூர் அம்மா.”

ஊரில் அப்படித்தான் பழக்கம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கவுனும் மிட்டாயுமாக வந்துபோகிறவள் திருப்பூர் அம்மா. தலைவாரி, மூக்குச் சிந்தி, மடியில் போட்டுத் தூங்க வைக்கிறவள் பேச்சிம்மா. நீட்டிய கைகள் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றன. பிறகு சித்ரா பையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவத்துக்கு அடியில் லேசாக ஒரு நிம்மதியும் இருந்தது முத்துப்பேச்சிக்கு.

பிள்ளை யாரிடம் வளர்வது என்று கிளம்பிய பேச்சு போன மாதம் முழுக்க அவளைத் தூங்கவிடவில்லை. கடைசியில் தம்பி ராஜபாண்டிதான் போனில் சொன்னான். “பத்தாவது வரைக்கும் நீயே வச்சுக்கக்கா. நான் சித்ராகிட்டப் பேசிக்கிறேன். இப்ப ஒரு நாலு நாள் கூட்டிட்டு வா. பிள்ளையப் பாக்கணும்னு ஏங்குறா.” அந்த வாக்கை நம்பித்தான் சாத்தூரில் பஸ் ஏறினாள்.

நம்பாமல் என்ன? அவனைப் பெற்றுப் போட்ட சூட்டோடு அம்மா போய்விட்டாள். அப்போது முத்துப்பேச்சியே பள்ளிக்கூடம் போகிற சிறுமி. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, சங்கில் பால் ஊற்றி அவனை வளர்த்தாள். அவன் ஆளாகி, திருப்பூரில் ஓவர்லாக் டெய்லர் ஆகி, அவனுக்கு ஒரு பெண்ணையும் கட்டிவைத்துவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்தபோது, அவளைப் பெண் கேட்டு வருகிறவர்கள் நின்றுபோயிருந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ் வேலையும் ஓட்டு வீடுமாகத் தனியே இருந்தவளிடம் எட்டு மாதக் குழந்தையாக வந்து சேர்ந்தவள் அனுசுயா. தம்பிக்கும் சித்ராவுக்கும் கம்பெனியில் தினம் ஒன்றரை ஷிப்ட். பிள்ளைக்குப் பஞ்சுத் தூசியில் இழுப்பு. கொஞ்ச நாளைக்கு என்று கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் கொஞ்ச நாளில் பிள்ளை நடந்தது, பேசியது, வீடு முழுக்க ஓடியது.

கட்டிலுக்கு அடியிலிருந்து சித்ரா ஒரு அட்டைப் பெட்டியை இழுத்தாள். ஷிப்மெண்ட்டுக்குப் பனியன் அடுக்குகிற பெட்டி. மூடியில் ஓட்டைகள். உள்ளே வெந்நீர் நிரப்பிய பாட்டில் ஒன்று துணி சுற்றிக் கிடந்தது. அதையொட்டி, கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு அணில் குஞ்சுகள். கண் திறக்கவில்லை. முதுகில் மூன்று கோடு மட்டும் பென்சிலால் போட்டதுபோல வந்திருந்தது.

அனுசுயா தூக்கம் கலைந்து இறங்கிக் குத்தவைத்தாள். “அய்! குட்டி!”

“தொடக்கூடாது தங்கம்,” என்றாள் சித்ரா.

கதை இதுதான். வீட்டுக்காரர் இன்னொரு வரிசை ரூம் கட்டுவதற்காகப் பின்புறத்துத் தென்னையை வெட்டினார். பனியன் வேஸ்ட்டை இழுத்து இழுத்துத் தாயணில் கட்டிய கூடு அத்தனையும் கீழே வந்து விழுந்தது. அதில் மூன்று குஞ்சுகள். வீட்டுக்காரர் மகள் சத்யப்பிரியா நாமக்கல்லில் மாட்டு டாக்டருக்குப் படிக்கிறவள். பரீட்சை லீவில் வந்திருந்தாள். எடுத்தவுடனே வளர்க்கக் கூடாது, முதலில் தாய்க்கு ஒரு சந்தர்ப்பம் கொடுக்கணும் என்று அவள்தான் சொன்னாள். ஒரு கூடையில் வைத்து மதில்மேல் கட்டிவிட்டு, ஆள் நடமாட்டமில்லாமல் தூரத்தில் உட்கார்ந்து பொழுது சாயும் வரை பார்த்திருந்தார்கள். தாய் வரவில்லை. பூனை வாயில் போயிற்றோ என்னவோ.

“ஒண்ணு அன்னிக்கே போயிருச்சு மதினி. சூடு ஆறிப்போயிருந்துச்சு. சூடு இல்லாத உடம்புல பால் ஊத்துனா சீரணமே ஆகாதாம். மொதல்ல கதகதப்பு, அப்புறந்தான் தீனின்னு சத்யா சொல்லுச்சு.”

சொல்லிக்கொண்டே ஒரு குஞ்சை எடுத்தாள். துணியோடு உள்ளங்கையில் குப்புற வைத்து, தலையை மட்டும் லேசாக உயர்த்திப் பிடித்தாள். ஊசியில்லாத சின்ன சிரிஞ்சிலிருந்து ஒரு சொட்டு. அது நாக்கால் வழித்துக் குடித்த பிறகு அடுத்த சொட்டு. பசும்பால் ஆகாதாம், வயிறு உப்பிவிடுமாம். நாய்க்குட்டிக்குக் கொடுக்கிற பால்பவுடரைச் சத்யப்பிரியா வாங்கித் தந்திருந்தாள். குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவினாள். தாய் நக்கிவிடுவது மாதிரி தடவினால்தான் அதற்கு மூத்திரமே வருமாம். விரித்திருந்த துணியில்கூட ஒரு பிசிர் இல்லை. கம்பெனியில் செக்கிங் பார்க்கிற கை அல்லவா? நூல் விரலில் சுற்றினால் விரல் அழுகிவிடும் என்று ஒவ்வொன்றாய் வெட்டியெடுத்திருந்தாள்.

முத்துப்பேச்சி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு பொறுமை. எவ்வளவு பக்குவம்.

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமைகூட ஷிப்ட்டுன்னு தம்பி சொன்னானே. ஒனக்கு லீவு குடுத்துட்டாங்களா?”

“எங்க குடுக்குறாங்க? புதன்கிழமையிலேர்ந்தே போகல மதினி. காய்ச்சல்னு சொல்லிவிட்டேன். மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா பால் குடுக்கணும்ல?”

முத்துப்பேச்சி தலையாட்டினாள்.

போன ஐப்பசியில் அனுசுயாவுக்கு நெஞ்சுச் சளி கட்டி, சாத்தூர் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தாள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டபோது, “ஷிப்மெண்ட் மதினி, லீவு தரமாட்டேங்குறாங்க, நீங்கதான் பாத்துக்கணும்” என்று அழுதாள் இதே சித்ரா. பெற்ற பிள்ளைக்குக் கிடைக்காத லீவு. வந்த இடத்தில் சண்டை வேண்டாம்.

பத்து மணிவாக்கில் சித்ரா கறி வாங்கக் கிளம்பினாள். “அனு, அம்மாகூட வர்றியா? பலூன் வாங்கித் தர்றேன்.”

“பேச்சிம்மா வந்தா வர்றேன்.”

சித்ரா தனியாகவே போனாள். வாசல்வரை போனவள் திரும்பினாள். “அதுங்களத் தொடவேண்டாம் மதினி. பால் குடிச்சாச்சு. சிணுங்கினாலும் தானா அடங்கிரும்.”

‘எனக்குச் சொல்கிறாளே’ என்று நினைத்தாள் முத்துப்பேச்சி.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக் கூட்டம். போனவள் வரக் காணோம். பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. ஊசிபோல, விடாமல்.

“பேச்சிம்மா, அழுகுது.”

“தானா அடங்கிரும்.”

அடங்கவில்லை. “பசிக்குதாம் பேச்சிம்மா.”

அழுகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்து முத்துப்பேச்சிக்குப் பழக்கமில்லை. இந்தக் கை இரண்டு உயிரை வளர்த்த கை. நேற்றுவந்த பிள்ளை சத்யப்பிரியா சொல்லித் தெரிய வேண்டுமா அதற்கு? டீக்கு வாங்கிவைத்திருந்த பாலில் கொஞ்சம் எடுத்துச் சுடவைத்து, சீனி கலந்து ஆற்றினாள். பையைத் திறந்து அடியிலிருந்து சங்கை எடுத்தாள். ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லைதான். ஆனால் அனுசுயாவுக்கு மருந்து கொடுக்க இன்றைக்கும் அந்தச் சங்குதான்.

குஞ்சை உள்ளங்கையில் மல்லாத்திப் போட்டாள். கைப்பிள்ளையை அப்படித்தானே போடுவோம். “குடி சாமி, குடி ராசா,” என்று கொஞ்சிக்கொண்டே சங்கின் மூக்கை அதன் வாயில் வைத்துச் சாய்த்தாள்.

முதலில் குடிப்பதுபோல்தான் இருந்தது. அப்புறம் ஒரு தும்மல். மூக்கில் வெள்ளையாய் ஒரு குமிழி வந்து உடைந்தது. இன்னொன்று. குஞ்சு வாயைப் பிளந்து காற்றுக்குத் தவித்தது. அவள் பதறிக் கவிழ்த்தாள், சேலையால் துடைத்தாள், மூக்கில் வாய்வைத்து உறிஞ்சினாள். விரல் நுனி அளவு நெஞ்சு நாலைந்து முறை எகிறியது. பிறகு கை கனத்ததுபோல் இருந்தது. கனம் என்று சொல்ல அதில் என்ன இருக்கிறது? ஆனாலும் கனத்தது.

“தூங்கிருச்சா?” என்றாள் அனுசுயா.

முத்துப்பேச்சி குஞ்சைத் துணியால் மூடினாள்.

“ஆமா. தூங்கிருச்சு.”

பெட்டியில் பழையபடி கிடத்தி மூடினாள். சங்கைக் கழுவிப் பைக்குள் வைத்தாள். பால் கிண்ணத்தையும் கழுவினாள். தான் எதற்காக இத்தனையையும் கழுவுகிறோம் என்று தெரிந்தே கழுவினாள்.

சித்ரா வந்தாள், குழம்பு வைத்தாள். அடுத்த வேளைப் பாலுக்குப் பெட்டியைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குஞ்சைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். மூக்கைச் சுற்றிப் பால் காய்ந்து பொரிந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள்.

“யாரு பால் குடுத்தது?”

முத்துப்பேச்சி வெங்காயத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“பேச்சிம்மாதான் குடுத்துச்சு,” என்றாள் அனுசுயா பெருமையாக. “எனக்கு மருந்து குடுக்குற சங்குல. குடிச்சிட்டுத் தூங்கிருச்சு.”



“தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான போனேன்?”

“பசிச்சு அழுதுச்சுத்தா. தெரியாம…”

“தெரியாமன்னா கேக்கணும். எனக்கெல்லாம் தெரியும்னு எடுத்து மடியில போட்டுக்கிறதா? கையில கிடைச்சதையெல்லாம் நம்ம பிள்ளையாக்கிக்கிறதுதான மதினி உங்களுக்கு?”

இத்தனை காலமும் இரண்டு பேரும் வாயைவிட்டு வெளியே விடாமல் வைத்திருந்த வார்த்தை. சித்ராவே சொல்லிவிட்டுப் பயந்துபோனாள். ஆனால் முத்துப்பேச்சி எழுந்துவிட்டாள்.

“நான் ஆக்கிக்கிட்டேனா? நீ கொண்டாந்து போட்டத்தா! பிள்ளை மூக்குல குழாயோட கிடந்தப்ப லீவு இல்ல. அணிப்பிள்ளைக்கு லீவு இருக்கோ?”

சித்ராவின் முகம் வெளுத்தது. அடித்திருந்தால்கூட அப்படி வெளுத்திருக்காது.

“அப்பக் கேட்டேன் மதினி,” என்றாள் மெதுவாக. “போனா திரும்பி வராதன்னான் சூப்பர்வைசரு. பயந்துட்டேன். பாத்ரூம்ல உக்காந்து அழுதுட்டு வந்து செக்கிங் பாத்தேன். இந்தத் தடவ கேக்கவே இல்ல. போனாப் போகட்டும்னு நின்னுட்டேன். இந்தப் புத்தி எனக்கு அப்ப வரல. வந்திருந்தா எம்பிள்ளை என்னை யாருன்னு கேட்டிருக்காது.” கண்ணைத் துடைத்தாள். “பரவால்ல. இனிமே இங்கதான இருக்கப் போறா.”

“யாரு?”

“அனுதான். ஜூன்ல எல்.கே.ஜி. சேக்கணும்ல? நீங்க சம்மதிச்சிட்டீங்க, கொண்டாந்து விட்டுட்டுப் போகத்தான் வர்றீங்கன்னு உங்க தம்பி சொன்னாரே.”



அரை ஷிப்ட் முடிந்து ராஜபாண்டி உள்ளே வந்ததும் அந்த நேரந்தான். தலைமுடியெல்லாம் பஞ்சு. “எப்பக்கா வந்த?” என்றவன் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

“பாண்டி, பத்தாவது வரைக்கும் நீயே வச்சுக்கன்னு எங்கிட்டச் சொன்னியா, இல்லையா?”

“அது வந்துக்கா…”

“என்னங்க, இங்க ஸ்கூல்ல சேக்கப் போறோம்னு எங்கிட்டச் சொன்னீங்களா, இல்லையா?”

அவன் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தான். “ரெண்டு பேர்ல யாரையும் நோகடிக்க வேண்டாமேன்னுதான்… நேர்ல வந்தா எல்லாம் தானா சரியாயிரும்னு நெனச்சேன்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஊர் சுற்றிவிட்டு வந்து நிற்கும்போதும் இவன் இப்படித்தான் சுவரைப் பார்ப்பான். அன்றைக்கு நாலு சாத்து சாத்தியிருக்க வேண்டும். தாயில்லாப் பிள்ளை என்று விட்டுவிட்டாள்.

சத்தம் கேட்டு வந்த சத்யப்பிரியா தயங்கி நின்றாள். சித்ராவின் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தாள். “மல்லாக்கப் போட்டு ஊத்துனா பால் நுரையீரலுக்குப் போயிருமுங்க. தெரியாமத்தானுங்க்கா செஞ்சிருக்காங்க, உடுங்க. இன்னொன்னு ஒண்டியாகிப் போச்சு, வெந்நி பாட்டிலை அடிக்கடி மாத்தோணும்.” அனுசுயாவின் தலையைத் தடவினாள். “வா கண்ணு, நம்ம ஊட்டுப் பக்கம் போயி இதைப் புதைச்சுட்டு வரலாம்.”

‘தெரியாமத்தான்’ என்ற அந்த வார்த்தைதான் முத்துப்பேச்சியைக் கொன்றது. வேண்டுமென்றே செய்திருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

பிள்ளை சத்யப்பிரியாவின் விரலைப் பிடித்துக்கொண்டு போனாள். மூலை திரும்பும்வரை முத்துப்பேச்சி பார்த்தாள். பிறகு பையைக் கவிழ்த்தாள். கவுன், ஜட்டி, பவுடர் டப்பா, சளி மருந்து எல்லாவற்றையும் கட்டில்மேல் எடுத்து வைத்தாள். சங்கையும் வைத்தாள். பைக்குள் அவளுடைய மாற்றுச்சேலை ஒன்றுதான் மிஞ்சியது.

“எங்கக்கா கிளம்புற? சாப்பிட்டுப் போ. அனு வந்து தேடுவா.”

“அதான் அவ வாறதுக்குள்ள போறேன்.”

“மதினி, நான் ஏதோ வாய் தவறி…”

“வாய் தவறலத்தா. சரியாத்தான் சொன்ன. இந்தா, ஒம் பிள்ளை. நீயே வளத்துக்க.” தம்பி பக்கம் திரும்பினாள். “ஒன்னையும் இந்தக் கைதான் வளத்துச்சு. எங்க தப்புனேன்னு இப்பத்தான் தெரியுது.”

பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே வந்த ராஜபாண்டியோடு அவள் பேசவில்லை. அவன் வாங்கித் தந்த வாழைப்பழத்தைச் சீட்டிலேயே வைத்துவிட்டு, வேறு சீட்டில் மாறி உட்கார்ந்தாள்.

பஸ் தாராபுரம் தாண்டியபோது வெயில் இறங்கியிருந்தது. பிள்ளை தேடியிருக்கும். கட்டிலுக்கடியில் பார்த்திருக்கும், கதவுக்குப் பின்னால் பார்த்திருக்கும். கண்ணாமூச்சி என்று நினைத்துக் கொஞ்ச நேரம் சிரித்திருக்கும். அதற்கப்புறம்? அதற்கப்புறத்தை அவள் நினைக்கவில்லை. ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மடியில் செல்போன் அடித்தது. பிள்ளை குரலைக் கேட்பதற்கென்று சித்ராதான் போன பொங்கலுக்கு வாங்கிக் கொடுத்திருந்தாள்.

“மதினி…” சித்ராவேதான். பின்னால் அழுகைச் சத்தம். அழுது அழுது கம்மிப்போன தொண்டை. “ஒரு வாய்கூட இறங்கல மதினி. கறி வேணாங்குறா, பால் வேணாங்குறா. வாய்ல வச்சாத் துப்புறா. என்ன சொல்லி ஊட்டுவீங்க? எப்படிக் குடுத்தா தின்பா மதினி?”

முத்துப்பேச்சிக்குத் தெரியும். உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இத்தனை வருஷத்தில் சித்ரா இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அதைக் கேட்க அவளுக்கு என்ன பாடாயிருந்திருக்கும் என்பதும் தெரிந்தது. தெரிந்ததனாலேயே நெஞ்சு கல்லானது.

“பசிச்சாத் தானாத் தின்பா,” என்றாள். சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

ஒட்டன்சத்திரத்தில் கூட்டம் ஏறியது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒருத்தி மடியிலிருந்த பிள்ளைக்கு முறுக்கு நொறுக்கிக் கொடுத்தாள். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம்கூடப் போயிருக்காது. முத்துப்பேச்சி போனை எடுத்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

மணி அடிக்கவில்லை. தாங்கள் தொடர்புகொள்ளும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொன்னது. மறுபடி அழுத்தினாள். மறுபடி அதே குரல். தம்பியின் எண்ணுக்குப் போட்டாள். அதுவும் அணைந்து கிடந்தது. இரண்டு போனும் ஒரே நேரத்தில் அணைந்து கிடக்குமா? தான் அழுத்தி அணைத்ததுபோல் அவர்களும் அணைத்துவிட்டார்களோ?

இன்னொரு முறை சித்ராவுக்குப் போட்டாள். தமிழில் சொல்லி முடித்த குரல் இங்கிலீஷில் ஆரம்பித்தது. முத்துப்பேச்சி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்ப்பதையும் பொருட்படுத்தாமல், அந்தக் குரலுக்கு மேலே பேசினாள்.

“மொத வாயை நீ தின்னணும் சித்ரா. தின்னுட்டு ஆத்தாடி உறைக்குதேன்னு மொகத்தச் சுளிக்கணும். அப்பச் சிரிப்பா. சிரிக்கையில வாய் தெறக்கும். அப்ப ஊட்டிரு. கேக்குதா? சிரிக்கையில ஊட்டிரு.”